ஓடும் பம்பு

விடியற்காலைச் சங்கு ஊதி ஓய்வதற்குள் எங்களை ஏற்றிய கேஜ், அந்த இரும்புக் கூண்டு, பூமிக்குள் இறங்கிவிட்டது. மேலே ஐப்பசிக் குளிர். கீழே போகப் போகச் சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். பம்பு அறை இருக்கும் லெவலில் பாறையைத் தொட்டால் சுடும்.

அங்கே ஒரு டர்பைன் பம்பு ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கடைசி லெவலில் ஊறும் தண்ணீரையெல்லாம் இழுத்து மேலே தள்ளுவது அது ஒன்றுதான். பக்கத்தில் இன்னொரு பம்பு வயிற்றைத் திறந்து போட்டபடி மாசக்கணக்காய்க் கிடந்தது. சாமான் வரவேண்டுமாம். தங்கம் தோண்டுகிற இடத்தில் ஓர் இரும்புத் தண்டுக்குப் பஞ்சம்.

ஓடுகிற பம்பின் தண்டு வெளியே வரும் இடத்தில் தண்ணீர் பீறிடாமலிருக்க, கிரீஸ் தோய்த்த தடித்த கயிற்றை வளையம் வளையமாகத் திணித்திருக்கும். அதற்குப் பேக்கிங் என்று பேர். தேய்ந்துபோனால் பம்பை நிறுத்திவிட்டு, பழையதைக் கொக்கியால் தோண்டியெடுத்துப் புதியது போடவேண்டும். சட்டமும் அதுதான், புத்தியும் அதுதான். ஆனால் பம்பு நின்றால் கடைசி லெவலில் தண்ணீர் முழங்காலுக்கு ஏறும். அங்கே துளை போடுகிறவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அன்றைக்கு அவர்களுக்கு ஹாஜர் கிடையாது, கூலியும் கிடையாது.

அதனால் ஃபிட்டர் தாமோதரனும் அவனுக்குக் கையாளான நானும் பம்பு ஓட ஓடவே பேக்கிங் மாற்றப் பழகியிருந்தோம். எவனும் சொல்லிச் செய்யவில்லை. நம்ம ஆட்கள் வயிறு காயவேண்டாமே என்று நாங்களாகத் தொடங்கினது. நிர்வாகம் அதைப் பார்த்தது, நல்லதாய்ப் போயிற்று என்று வழக்கமாக்கிவிட்டது. எங்கள் இரக்கத்தில் இவர்கள் லாபம் பார்ப்பார்கள் என்று யார் கண்டது?

அன்றைக்குப் பேக்கிங் தேய்ந்து தண்ணீர் விசிறியடித்தது. கடைசி லெவல் கேங்கின் மேஸ்திரி ஏகநாதன் ஏணியில் ஏறி வந்து தலையை நீட்டினான்.

"இன்னா தாமு, நிறுத்தப் போறியா? வாணாம்பா. போன வாரமும் ஹாஜர் போச்சி. பசங்க மூஞ்சியப் பாக்க முடியல."

"நிக்காது, நீ போ," என்று தாமோதரன் சிரித்தான். "வந்துட்டாரு பெரிய கலெக்டரு."

நட்டைத் தளர்த்தினான். சூடான தண்ணீர் முகத்தில் அடித்தது. கண்ணை இடுக்கிக்கொண்டு புதுக் கயிற்றை விரலால் அழுத்தினான். ஈரச் சட்டைக்கை சுழலும் தண்டில் சுற்றிக்கொண்டது. நான் பாய்ந்து சுவிட்சை இழுத்தேன். பம்பு சுழன்று ஓய்வதற்குள் அவன் வலது கை மணிக்கட்டோடு நைந்துபோயிற்று. அவன் போட்ட சத்தம் இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை.

ஆஸ்பத்திரியில் கையை எடுத்துவிட்டார்கள். விசாரணையில் 'அஜாக்கிரதை' என்று முடிவு கட்டினார்கள். ஒரே சொல், வேலை முடிந்தது.

ஏகநாதன் பன்னும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தான். தாமோதரன் மனைவி சுந்தரி அந்தப் பையை வாங்கவில்லை.

"உங்களுக்கு ஹாஜர் போவக் கூடாதுன்னுதாண்ணே ஓடற மிஷின்ல கைய வுட்டாரு. தெரியுமா உங்களுக்கு?"

"நிறுத்தாம செய்யலாம்னுதாம்மா நாங்க நெனச்சிக்கினு இருந்தோம். இப்டி உசுரப் பணயம் வெக்கிறாங்கன்னு ஒருத்தனும் சொல்லல."

"கேட்டீங்களா?"

"அவன ஏன் திட்டற," என்றான் தாமோதரன் கட்டிலிலிருந்து. "நாங்களும் சொல்லல, அவங்களும் கேக்கல. சொல்லியிருக்கணும்." ஏகநாதன் பையைக் கட்டிலடியில் வைத்துவிட்டுப் போனான். அன்று சாயங்காலம் அவன் தொழிலாளர் குடியிருப்பில் லைன் லைனாகப் போய் வீட்டுக் கதவுகளைத் தட்டியதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அடுத்த வாரமே பேக்கிங் மறுபடி பீறிட்டது. இன்ஜினியர் ஜெயகரன் தாமே இறங்கி வந்தார். அதட்டாமல் பேசுகிற மனிதர். அதுதான் அவரிடம் ஆபத்து.

"கோவிந்தன், ஏன் சும்மா நிக்கிறே? பேக்கிங் போடு."

"நிறுத்திட்டுப் போடறேன் சார்."

"நிறுத்தினா யாருக்கு நஷ்டம், எனக்கா? கீழே இருக்கிற உன் ஜனங்களுக்கு. அவங்க பெண்டாட்டி பிள்ளைங்க உன்னைத்தான் சபிக்கும்."

"ரெண்டாவது பம்ப எழுப்பினா ஒருத்தனுக்கும் நஷ்டமில்ல சார்."

"அது மேலே முடிவாக வேண்டிய விஷயம். தாமோதரன் ஜாக்கிரதையா இருந்திருந்தா இப்ப கை இருந்திருக்கும். உனக்குப் பயம்னா சொல்லு, வேற ஆள் போடறேன்."

பயமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்? கை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். கீழே இருப்பவன் வாயிலிருந்து சோற்றைத் தட்டிவிட்டவன் ஆவேனோ என்ற பயம் அதைவிடப் பெரிது. கொக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு பம்பின் பக்கம் ஓர் அடி வைத்துவிட்டேன்.

ஏணியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. ஏகநாதன் வந்தான். பின்னாலேயே அவன் கேங் முழுவதும் ஒவ்வொருவராக ஏறி வந்து, சேறு சொட்டச் சொட்டச் சுவரோரம் நின்றார்கள்.

"நிறுத்து கோவிந்தா," என்றான் ஏகநாதன்.

ஜெயகரன் திரும்பினார். "உன் ஆளுங்களுக்கு ஹாஜர் வேணாமா, ஏகநாதன்?"

"வேணும் சார். பம்பு நின்னா எங்கள ஊட்டுக்கு அனுப்பறது நீங்க, இவன் இல்ல. தண்ணி ஏறினா எறைச்சிக்கலாம். ஒருத்தன் கை போனா எங்க போயி எறைக்கிறது? ரெண்டாவது பம்பு எழும்பணும். பம்பு நிக்கிற நாளைக்கும் ஹாஜர் போடணும். ஓடற மிஷின்ல இனிமே எவனும் கை வெக்க மாட்டான். யூனியன்லயும் பேசிட்டோம்."

"எல்லாரையும் சஸ்பெண்ட் பண்ண வேண்டியிருக்கும்."

"பண்ணுங்க சார். அப்றம் பேக்கிங் போட நீங்கதான் குனியணும்."

ஜெயகரன் முகம் கறுத்தது. டெலிபோன் இருக்கும் பக்கம் வேகமாக நடந்தார். அவர் யாரைக் கூப்பிடுவார், சாயங்காலம் எங்களில் எத்தனை பேருக்கு வேலை இருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

சுவிட்சை இழுத்தேன். பம்பு முனகி, தளர்ந்து, நின்றது. அந்த அறையில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதில்லை. அடியிலிருந்து தண்ணீர் ஊறிவரும் சத்தம் தெளிவாகக் கேட்டது. அது ஏறுவது அவர்கள் வேலை செய்யும் இடத்தில்தான். எனக்குப் பதற்றமாயிற்று. குனிந்து பழைய கயிற்றைப் பரபரவென்று தோண்டத் தொடங்கினேன்.

ஏகநாதன் பக்கத்தில் வந்து குந்தினான். என் தோளில் கை வைத்தான்.

"இன்னாத்துக்கு ஓடற? மெதுவா போடு. நாங்க இருக்கறோம்."