முப்பத்தெட்டு சென்டிமீட்டர்

மேல் ஏரியில் முப்பத்தைந்து சென்டிமீட்டர் இருந்தால் டிரவுட் மீனை வைத்துக்கொள்ளலாம். குறுகலான கால்வாயைத் தாண்டிக் கீழ் ஏரிக்குள் படகு நுழைந்துவிட்டால் அதே மீன் நாற்பத்தைந்து இருக்க வேண்டும். எங்கே பிடித்தது என்று கேட்கமாட்டார்கள். படகில் இருந்தாலே குற்றம். அதனால் மேல் ஏரியில் பிடிப்பவர்கள் மேல்கரையிலேயே இறங்கி, மலையைச் சுற்றி காரில் வீடு திரும்புவோம்.

என் மனைவியின் அண்ணன் ஃபெர்கஸ் முப்பத்திரண்டு வருடங்கள் இரண்டு ஏரிகளுக்கும் சம்பளமில்லாத மீன்பிடிக் காவலராக இருந்தவர். ஒருமுறை எனக்கே அபராதச் சீட்டு எழுதிவிட்டு, அன்று எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார்.

அந்த மார்ச் மாதக் காலையில் மேல் ஏரியில் நாங்கள் இருவரும் ஆளுக்கொரு மீன் பிடித்தோம். இரண்டையும் அவரே கொன்று, அளந்து, பெட்டியில் வைத்தார். நிமிர்ந்தபோது முகம் சாம்பல் நிறமாகியிருந்தது. கை மார்பைப் பிடித்திருந்தது.

மேல்கரைக்கு எதிர்காற்றில் ஒரு மணி நேரம். கீழ்க்கரைக்குக் கால் மணி நேரம். ஆம்புலன்ஸ் அங்கேதான் நிற்கும். படகைத் திருப்பினேன்.

"மாப்ளே, அந்தப் பக்கம் போகாத."

"பேசாம படுங்க மச்சான்."

"மீன் இருக்குடா."

"தூக்கிப் போட்டுடறேன்."

"கொன்ன மீனைத் தூக்கிப் போடுவியா? அதுக்குத் தனியா ஒரு சீட்டு எழுதுவேன்."

"எழுதுங்க. முதல்ல பேனா பிடிக்கத் தெம்பு வரட்டும்."

சிரித்தார். சிரித்ததும் வலித்தது. எல்லைக் கம்பம் கடந்து போவதைப் படுத்தபடியே பார்த்தார்.

"முப்பத்திரண்டு வருஷம்டா" என்றார்.

அதன்பிறகு அவர் பேசவில்லை. கீழ் ஏரியின் பாதியில் அவர் தலை என் முழங்காலில் சாய்ந்தது. அந்தப் பாரம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் வேகத்தைக் குறைக்கவில்லை.

கரையில், அவருக்குப் பிறகு காவலரான ரோவேனா நின்றிருந்தாள். அவள்தான் ஆம்புலன்ஸ்காரர்களைக் கூவி அழைத்தாள். அவர்கள் இருபது நிமிடம் முயன்றார்கள். பிறகு ஒருவர் கையுறையைக் கழற்றினார்.

ரோவேனா பெட்டியை நகர்த்தும்போது மூடி திறந்துகொண்டது. உள்ளே பார்த்தாள். மூடினாள்.

"நான் எதையும் பாக்கலை."

"அளந்து பாரும்மா."

"இப்பவா? வேண்டாங்க."

"அவரா இருந்தா விட்டிருப்பாரா?"

மண்டியிட்டாள். அளவுப் பலகையை நனைத்து ஒவ்வொன்றாக வைத்தாள். முப்பத்தெட்டு. முப்பத்தெட்டு. சீட்டுப் புத்தகத்தை எடுத்தாள்.

"யாரு பிடிச்சது?"

"ஒண்ணு அவர், ஒண்ணு நான். ஆனா படகை இந்தப் பக்கம் திருப்பினது நான்தான். ரெண்டையும் என் பேர்ல எழுது. அவர் வேண்டாம்னுதான் சொன்னார். அதையும் எழுது."

"அதை எழுதறதுக்கு இதுல இடம் இல்லைங்க."

"ஓரத்துல எழுதும்மா."

சீட்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதினாள். படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.