ஈர மண்

ராயக்கோட்டைப் பக்கம் புது ரயில்பாதை போட்டுக்கொண்டிருந்த வருஷம் அது. பாதை வேலைக்கு வந்த சூசையின் பெண்சாதி லூர்தம்மாள், குடிசைக்குப் பின்னால் தக்காளி நாற்று நட்டாள். பிறந்ததிலிருந்து ஒரு கீரைத்தண்டுகூட வளர்த்தறியாதவள். சும்மா உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று பக்கத்துத் தோட்டத்து நாராயணம்மா கொடுத்த நாற்று.

நட்டதெல்லாம் வேரழுகிச் செத்தது. அழுகாதா பின்னே? காலையில் ஒரு குடம், மத்தியானம் ஒரு குடம், பொழுது சாய இன்னொரு குடம்! மிஞ்சியது ஒரே ஒரு செடி.

"ஏம்மா, தக்காளி வளக்கறயா, நெல்லு நடறயா?" நாராயணம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "விரலை உட்டுப் பாரு. ஈரமிருந்தா ஊத்தாத."

"வாடிப்போயி கேக்குதே அக்கா. எப்படி இல்லைன்னு சொல்லுவேன்?"

சித்திரையில்தான் லூர்தம்மாளின் இரண்டு வயது மகள் ரோசலிக்கு வயிற்றால் போனது. அப்படிப் போகிற பிள்ளைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது என்றார்கள். சொன்னவர்களுக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். நாக்கு வறண்டு "தண்ணி, தண்ணி" என்று அழுத குழந்தைக்கு, பிழைக்க வேண்டுமே என்று பெற்றவளே செம்பை ஒளித்து வைத்தாள். பிள்ளை கேட்டுக்கொண்டே போய்விட்டது.

அன்று மத்தியானம் அந்தக் கடைசிச் செடியும் தலை தொங்கியது. லூர்தம்மாள் செம்போடு ஓடினாள். மண்ணில் விரலை விட்டாள். ஈரம். ஊற்றினால் அழுகும். ஊற்றாவிட்டால்? இதையும் சாகக் கொடுத்தால், தான் உயிரோடிருந்து என்ன பிரயோஜனம் என்று இருந்தது. "மாதாவே, மாதாவே" என்று முனகிக்கொண்டு வெயிலிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஊற்றவில்லை.

வெயில் தாழ்ந்தது. செடி தானாகவே நிமிர்ந்தது.

"பாத்தியா, நான் சொல்லல?" என்று சிரித்தபடி வந்த நாராயணம்மா திடுக்கிட்டு நின்றாள். லூர்தம்மாள் மண்ணில் விழுந்து அலறிக்கொண்டிருந்தாள்.

"இப்படி எந்திரிச்சுருவான்னுதானே அக்கா, அவளுக்குக் குடுக்காம இருந்தேன்!"

நாராயணம்மா அவளைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் செடியருகே செம்பு நிறையத் தண்ணீர் இருந்தது. விடிந்தால் லூர்தம்மாள் வந்து விரலை விட்டுப் பார்ப்பாள். ஈரம் இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிப் போவாள். ஒரு காலையில் விரலில் மண் ஒட்டவில்லை, பொடியாக உதிர்ந்தது.

செம்பைச் சாய்த்தாள். மண் அத்தனையையும் உறிஞ்சிக்கொண்டது.

"குடி தாயி," என்றாள். "இனிமே ஒளிச்சு வெக்க மாட்டேன்."