கோதண்டபாணியின் நாக்கு

காஞ்சிபுரத்தில் கோதண்டபாணியின் சாயப்பட்டறையில், சாயம் பட்டில் பிடிக்க ஊற்றும் திராவகத்தின் அளவைப் பார்க்கக் கருவி எதுவும் கிடையாது. அவர் நாக்குதான் கருவி. கொதிக்கிற அண்டாவில் குச்சியைத் தோய்த்து, ஊதி ஆறவைத்து, நுனிநாக்கில் ஒரு சொட்டு வைப்பார். புளிப்பு பிடித்திருந்தால் பட்டு அண்டாவில் இறங்கும்; இல்லையென்றால் இன்னும் ஊற்றுவார். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அந்தத் தெருவில் எல்லாச் சாயக்காரர்களும் அப்படித்தான் பார்த்தார்கள், இவரளவுக்கு யாருக்கும் வாய்க்கவில்லை. அந்த நாக்கின் மேல் மனுஷனுக்கு அப்படியொரு கர்வம்.

ஐப்பசியில் விஷக்காய்ச்சல் வந்து பிழைத்தெழுந்தார். அதற்கப்புறம்தான் சனியன் பிடித்தது. ஐயம்பேட்டை நெசவாளி பரசுராமன், தறியில் ஏற்றினால் இழை இற்று இற்று அறுகிறது என்று நூலைக் கொண்டுவந்து காட்டினார். உன் தறிதான் கோணல் என்று அவரைக் கடித்துக் குதறி அனுப்பினார் கோதண்டபாணி. பாவம், அது மூன்று புடவைக்கான பாவு நூல்; அதில் ஒன்று பரசுராமன் மகளுக்குக் கூரைப்புடவை. வாயை மூடிக்கொண்டு மறுபடியும் பட்டு கொண்டுவந்து கொடுத்தார். இந்தத் தடவையும் கெட்டால் முகூர்த்தத்தன்று அந்தப் பெண்ணுக்குப் புடவை இல்லை.

கோதண்டபாணியின் மகள் காந்தா பி.யு.சி.யில் ரசாயனம் படித்தவள். அப்பா ஐம்பது மில்லி திராவகம் ஊற்றியதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பது மில்லி ஐம்பது கிராம் என்பதெல்லாம் தண்ணீருக்குத்தான். இது கனமான சரக்கு. புட்டிச் சீட்டில் அடர்த்தி ஒன்று புள்ளி எட்டு நான்கு, அமிலம் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு என்று போட்டிருந்தது. ஐம்பதை அடர்த்தியால் பெருக்கினால் எடை தொண்ணூற்றிரண்டு கிராம். அதில் தொண்ணூற்றெட்டு சதவீதம் என்றால் ஏறக்குறைய தொண்ணூறு கிராம் அமிலம். கிலோவுக்கு முப்பது கிராம் வீதம் பரசுராமனின் மூன்று கிலோ பட்டுக்கு அது கச்சிதம். அதற்கு மேல் போனால் இழை இற்றுவிடும்.

கோதண்டபாணி குச்சியை நாக்கில் வைத்தார். புளிப்பே ஏறவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டு இன்னொரு ஐம்பது ஊற்றப் போனார். சொன்னால் அப்பா நொறுங்கிப்போவார், சொல்லாவிட்டால் பட்டு போய்விடும். காந்தா எட்டிப் புட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் நைனா. கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். ஊத்தின வரைக்கும் கரெக்டா இருக்குது."

கத்தப் போகிறார் என்றுதான் நினைத்தாள். அவரோ குச்சியை மறுபடி தோய்த்து நாக்கில் வைத்தார். பிறகு பட்டு அலச வைத்திருந்த வெறும் தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். திரும்ப அண்டா, திரும்பத் தண்ணீர்.

"ரெண்டும் ஒண்ணாதான் இருக்குதும்மா," என்றார்.

தன் கணக்கு தப்பாகப் போயிருக்கக் கூடாதா என்று காந்தாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் பட்டை இறக்கும்படி அவளிடம் சொல்லிவிட்டு, அடுப்பில் விறகு தள்ளப் போய் உட்கார்ந்தார். அதுவரை அந்த வேலையைக் கூலியாள்தான் செய்துகொண்டிருந்தான்.