பெருக்கு நேரத்துக் கூட்டம்

பினாங்கு ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் கம்பத்துக் குடியிருப்பைத் துறைமுகக் கூலிகள் உண்டாக்கினார்கள். கடல் பெருகினால் ஆற்றுநீர் பின்னேறி வீடுகளுக்குள் வரும். அதைத் தடுக்க அரசாங்கம் கால்வாய் முனையில் மதகு கட்டியது. வெளியிலிருந்து ஆள் வந்து மூடுவதற்குள் தண்ணீர் முந்திக்கொள்ளும். அதனால், மதகைத் திருகும் இரும்புக் கைப்பிடியை முதல் தலைவர் கேட்டு வாங்கித் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டாராம். அன்றிலிருந்து கைப்பிடி இருக்கும் வீடுதான் தலைவர் வீடு. பெருக்கு நாட்களில் அந்த வீட்டார் வெளியே தங்கக்கூடாது.

கடைசியாக அது என் கணவரிடம் இருந்தது. நெஞ்சு வலிக்கிறது என்றவர், "பெருக்கு வடியட்டும், ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றார். வடிவதற்குள் போய்விட்டார்.

கருமாதி முடிந்ததும் மகள் துளசி ஜெலுத்தோங்கில் இருக்கும் தன் அடுக்குமாடி வீட்டுக்குக் கூப்பிட்டாள். போக எனக்கும் ஆசை. புதுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தன்று, துணிப்பையை அவள் காரில் ஏற்றிவிட்டு, கைப்பிடியைக் கொண்டுபோய் மண்டபத்து மேசைமேல் வைத்தேன்.

"யாரு எடுத்துக்குறீங்க?" என்றார் செயலாளர் இப்ராஹிம்.

யாரும் எழவில்லை.

"அண்ணி இருக்கயில வேற யாருலா," என்று பின்வரிசையிலிருந்து என்னைக் காட்டினான் கமால்.

"நீதான் எடேன் தம்பி," என்றாள் ஜெயலெட்சுமி அக்கா.

"எனக்கு நைட் ஷிஃப்ட்க்கா. உங்க வீட்டுக்காரரு சும்மாதானே இருக்காரு?"

"அவரா? டிவி ரிமோட்டையே நான்தான் அமுக்கணும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அதற்குள் வாசற்படியைத் தாண்டித் தண்ணீர் மெல்ல உள்ளே வந்தது. ஒருவர் பின் ஒருவராகச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கால்களை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டார்கள். மேசையை யாரும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்கள்.

நான் காலைத் தூக்கவில்லை. இன்றைக்கு யாராவது எழுந்துதான் ஆகவேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் கணுக்காலைத் தொட்டது.

வாசலில் காரோடு நின்ற துளசி கூப்பிட்டாள். "அம்மா, காடிக்குள்ள தண்ணி ஏறிரும். வர்றீங்களா இல்லையா?"

ஆற்றோரத்துக் கடைசி வீடு நினைவுக்கு வந்தது. நோர்மா வேலையிலிருந்து திரும்பியிருக்க மாட்டாள். நடக்க முடியாத அவள் தாயார் தரைப்பாயில் படுத்திருப்பார்.

"நீ போம்மா, காடி கெட்டுரும்," என்றேன்.

கைப்பிடியை எடுத்துக்கொண்டு தண்ணீரில் நடந்தேன். மதகைத் திருகத் தொடங்கியபோது மண்டபத்திலிருந்து இப்ராஹிமின் குரல் கேட்டது.

"சரிலா, தலைவர் விசயம் முடிஞ்சிருச்சு. அடுத்து தெரு விளக்கு."