பின்கதவு இல்லாத வண்டி

சலாவுதீன் ஓட்டிவந்த வண்டி சந்துக்குள் நுழையாது என்பது பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது. தாராவி மெயின் ரோட்டில் டீக்கடைக்கு முன்னால் அதன் மூக்கு இருந்தது. வால் பக்கம் ரேஷன் கடை வாசலையும் தாண்டிக் கிடந்தது. உடம்பு பச்சை, கூரை வெள்ளை. ஞாயிற்றுக்கிழமைக் காலை என்பதால் தோல் கிடங்கில் வேலை செய்பவர்களும் மில் வேலைக்காரர்களும் வீட்டில்தான் இருந்தார்கள். எல்லோரும் வெளியே வந்து பார்த்தார்கள். தொடலாமா கூடாதா என்று தெரியாமல் கொஞ்சம் தள்ளியே நின்றார்கள். முதியவர் ஒருவர் மட்டும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அருகில் போனார். முன்விளக்கின் கண்ணாடியில் தன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

செண்பகவல்லி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சந்து முனைக்கு வந்தாள். அவளுக்கு முன்னால் பையன்கள் இருவரும் ஓடினார்கள். மூத்தவள் சண்முகவடிவு தம்பிகளை அதட்டிக்கொண்டே பின்னால் போனாள். நான்கு வயதுப் பேராச்சி எங்கும் ஓடவில்லை. அம்மாவின் முந்தானையை வலது கையில் சுற்றிப் பிடித்தபடி நடந்து வந்தாள். மாசிமாதத்திலிருந்தே அவள் அப்படித்தான். தூங்கும்போதும் அந்தத் துணி அவள் கையில் இருக்கும். மெதுவாக உருவ முயன்றால் விழித்துக்கொள்வாள்.

மாசியில் ஒரு நாள் குடும்பத்தோடு ராணி பாக் மிருகக்காட்சி சாலைக்குப் போயிருந்தார்கள். திரும்பும்போது பைகுல்லாவில் இரண்டு டாக்சி பிடித்தார்கள். முன்னால் போன டாக்சியில் அவள் புருஷன் வானமாமலை பையன்களோடு ஏறிக்கொண்டான். பின்னால் வந்ததில் செண்பகவல்லி மூத்தவளோடும் கைக்குழந்தையோடும் ஏறினாள். பேராச்சி அம்மாவோடு இருக்கிறாள் என்று அவன் நினைத்தான். அப்பாவோடு இருக்கிறாள் என்று அவள் நினைத்தாள். தாராவியில் இரண்டு டாக்சியும் வந்து நின்று, எல்லோரும் இறங்கி, கதவுகளைச் சாத்திய பிறகுதான் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தார்கள்.

திரும்பிப் போன வழி செண்பகவல்லிக்கு இன்றுவரை நினைவில்லை. மிருகக்காட்சி சாலையின் வாசல் கேட்டைச் சாத்தப்போகிற நேரம். தோட்டக்காரர் ஒருவரின் மனைவி, மராத்திக்காரி, ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் பேராச்சி வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. ஓடிவந்த அம்மாவையும் அப்பாவையும் யாரோ ஊர்பேர் தெரியாதவர்களைப் பார்ப்பது போல ஒரு கணம் பார்த்தாள். அந்த ஒரு கணத்தைத்தான் செண்பகவல்லியால் தாங்க முடியவில்லை. பிறகு குழந்தை எழுந்து வந்து முந்தானையைப் பிடித்தது. அவ்வளவுதான்.

வீட்டில் யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். வானமாமலை அதற்குப் பிறகு தட்டைப் பார்த்தே சாப்பிட்டான். அவளும் பரிமாறும்போது அவன் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். ஒரே ஒரு தடவை மட்டும், அவன் எதையும் கேட்காதபோதே, அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள்.

"இனிமே வெளிய போனா எல்லாரும் ஒரே வண்டியிலதான் போணும். இல்லன்னா போவாண்டாம்."

வானமாமலை நாங்குநேரிப் பக்கத்திலிருந்து பம்பாய்க்கு வந்தவன். சில வருஷம் லாரி ஓட்டினான். பிறகு டிரங்குப் பெட்டிப் பட்டறை ஒன்று போட்டான், அது நன்றாகவே நடந்துவந்தது. பெட்டிகளைக் கடைகளுக்கு அனுப்ப எப்படியும் ஒரு வண்டி வேண்டியிருந்தது. வாரநாளில் பெட்டி, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் என்று அவன் கணக்குப் போட்டான். ஆனால் பெட்டியை மனதில் வைத்து அவன் ஒரு வண்டியையும் பார்க்கவில்லை. குர்லாவில் பழைய கார்களை வாங்கி விற்கும் மேலப்பாளையத்துச் சலாவுதீனிடம், ஏழு பேர் உட்காருகிற மாதிரி ஒன்று வேண்டும் என்றான். பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு வருவேன் என்றும் சொன்னான். கார் பார்க்கப் பெண்பிள்ளை வருவது சலாவுதீனுக்குப் புதிது. ஆனாலும் முதல் நாளே அவளுக்கு ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

அவள் ஸ்டூலில் உட்காரவில்லை. ஒவ்வொரு வண்டியிலும் ஒரே வேலையைத்தான் செய்தாள். பிள்ளைகள் எல்லோரையும் ஏற்றி உட்காரவைப்பாள். தான் கடைசி இடத்தில் உட்கார்ந்துகொண்டு முன்னால் பார்ப்பாள். அம்பாசிடரில் ஒருவர் மேல் ஒருவர் உட்கார வேண்டியிருந்தது. ஜீப்பில் பின்பக்கம் வெறும் படுதாதான். கறுப்புப் பிளிமத் கார் ஒன்று வந்தது. மெத்தை போன்ற இருக்கை, உள்ளே சந்தன வாசனை. வானமாமலைக்கு அது பிடித்துவிட்டது. குர்லா ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தான். பையன்களில் பெரியவன், ஏழு வயதுப் பூலோகம், கைப்பிடி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பதற்காக ஓடுகிற வண்டியின் பின்கதவைத் திறந்துவிட்டான். சண்முகவடிவு அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். வண்டி நின்றது. செண்பகவல்லி பிள்ளைகளை இறக்கி நடத்தியே ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனாள். அதன் பிறகு சலாவுதீன் கொஞ்ச நாள் தலைகாட்டவில்லை. வியாபாரம் போயிற்று என்றுதான் வானமாமலை நினைத்தான்.

இப்போது இந்த வண்டி. செவர்லே, சபர்பன் என்று பெயர் சொன்னான் சலாவுதீன். எங்கோ அணைக்கட்டு வேலைக்கு வந்த வெளிநாட்டு இன்ஜினியர்கள் வைத்திருந்தது, அவர்கள் ஊருக்குத் திரும்பிய பின் கைமாறி வந்தது என்றான். உள்ளே ஒன்றன்பின் ஒன்றாக மூன்று வரிசை இருக்கை. குறைகளை முதலில் சொல்லிவிடுவது அவன் பழக்கம். பெட்ரோல் நிறையக் குடிக்கும் என்றான். ஸ்டியரிங் இடதுபக்கம் இருக்கிறது, பழகக் கொஞ்ச நாளாகும் என்றான். பிறகு தயங்கினான்.

"பெரிய கொற ஒண்ணு இருக்கு மதினி. முன்னால மட்டுந்தான் ரெண்டு கதவு. பின்னால உக்காரதுக்குக் கதவே கெடையாது. முன் சீட்ட மடக்கித்தான் உள்ள போணும்."

செண்பகவல்லி வண்டியைச் சுற்றி நடந்தாள். பேராச்சியும் கூடவே நடந்தாள். முன்கதவிலிருந்து கடைசிவரை ஒரே பச்சைத் தகரம், எங்கும் பிளவில்லை. உள்ளங்கையை அதன்மேல் வைத்துத் தேய்த்துக்கொண்டே போனாள். காலை வெயிலில் அது லேசாகச் சூடேறியிருந்தது. பின்பக்கம் சாமான் ஏற்றுகிற கதவுக்கு மட்டும் பூட்டு இருந்தது.

"அப்ப உள்ள இருக்க பிள்ள எப்படி வெளிய விழும்?" என்று கேட்டாள்.

"விழாது மதினி. விழணும்னு நெனச்சாலும் முடியாது."

அவள் பின்பூட்டுக்குச் சாவி கேட்டாள். சலாவுதீன் வளையத்திலிருந்து கழற்றிக் கொடுத்தான். பூட்டிப் பார்த்துவிட்டு, இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மலையேறாத வண்டியை நம்பக்கூடாது என்பது வானமாமலையின் லாரிக்காலத்து எண்ணம். கண்டாலா வரை போய்ப் பார்த்துவிடலாம் என்றான். சோறு கட்டிக்கொண்டார்கள். சயானைத் தாண்டி, தாணா, மும்ப்ரா என்று வண்டி போயிற்று. முன்னால் அவனும் சலாவுதீனும், நடுவில் மூத்த மூவரும், கடைசி வரிசையில் செண்பகவல்லியும் சின்னவர்கள் இருவரும். அப்பா தப்பான பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டுகிறார் என்று பையன்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. இவ்வளவு உயரத்திலிருந்து அவர்கள் எதையும் பார்த்ததில்லை. மாடி பஸ்ஸில் போயிருக்கிறார்கள்தான், ஆனால் அது எல்லோருடையது. இங்கே கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தங்கள் வீடு, அந்தப் பக்கம் உப்பளமும் வயலும் நீர் நிறைந்த வானமும் ஓடிக்கொண்டிருந்தன.

செண்பகவல்லி அவர்கள் தலைகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். மூன்று தலையும் ஒரே நேரத்தில் கண்ணில் பட்டன. எண்ணத் தேவையில்லாமல் இருப்பதே அவளுக்கு விசித்திரமாக இருந்தது. வெகுநாளாக அவள் எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. பன்வேல் தாண்டியபோது தலையை நிமிர்த்தினாள். முன்கண்ணாடிக்கு மேலே தொங்கிய சின்னக் கண்ணாடியில் வானமாமலையின் கண்கள் இருந்தன. அவளைப் பார்க்கவில்லை. பேராச்சியைப் பார்த்தன, குழந்தையைப் பார்த்தன, பையன்களைப் பார்த்தன, ரோட்டுக்குத் திரும்பின, மறுபடியும் வந்தன.

சலாவுதீனும் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

"அண்ணாச்சி, கண்ணாடியக் கீழ எறக்கி வச்சிருக்கிய. அது பின்னால வார வண்டியப் பாக்கதுக்கு."

"ரோடு எங்கயும் போயிராது பாய்," என்றான் வானமாமலை. கண்ணாடியை அவன் திருப்பவில்லை.

செண்பகவல்லி அந்தப் பதிலைக் கேட்டாள். தன் உள்ளங்கையைப் பார்த்தாள். இத்தனை மாதமாக அவன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டது வேறு எதற்கோ என்று நினைத்திருந்தாள். கோபம் என்று நினைத்திருந்தாள். மறுபடி கண்ணாடியில் அவன் கண்கள் வந்தபோது அவள் அங்கே காத்திருந்தாள். இருவரும் பார்த்துக்கொண்டார்கள். லாரி ஒன்று எதிரே ஹாரன் அடித்துக்கொண்டு வர, அவன் ரோட்டுக்குத் திரும்பினான்.

கோபோலியில் மழை பிடித்துக்கொண்டது. அங்கிருந்து மலை. வளைவுகளில் லாரிகள் மூடியைத் திறந்து ஆவி விட்டுக்கொண்டு நின்றன. இரண்டு கார்கள் சக்கரத்துக்குக் கல் கொடுத்து நின்றிருந்தன. வானமாமலை கியரைக் குறைத்தான். எஞ்சினின் சத்தம் கனத்தது. உள்ளே இருந்தவர்களின் நெஞ்சுக்கூட்டிலும் அது அதிர்ந்தது. வண்டி அவசரப்படவில்லை, தயங்கவுமில்லை. ஒவ்வொரு வளைவிலும் தன் நீள உடம்பைத் திருப்பி, தண்ணீர் ஓடிவரும் ரோட்டில் ஏறிக்கொண்டே இருந்தது. வானமாமலை வாய்க்குள் ஏதோ சொன்னான். இத்தனை வருஷம் லாரி ஓட்டியவன், இப்படி ஒன்றை ஓட்டியதில்லை என்பது அவன் முதுகிலேயே தெரிந்தது.

பாதி மலையில் மேகம் ரோட்டுக்கே இறங்கிவிட்டது. முதலில் மரங்கள் மறைந்தன. பிறகு ஓரத்துக் கற்கள். பிறகு வண்டியின் மூக்கே தெரியவில்லை. வானமாமலை மலைச்சுவர்ப் பக்கமாக அகன்ற இடம் ஒன்றைப் பார்த்து ஒதுக்கி, எஞ்சினை அணைத்தான். நாலு பக்கமும் வெள்ளை. எங்கோ மிக அருகில், அல்லது மிகத் தொலைவில், நிறையத் தண்ணீர் விழும் ஓசை மட்டும் இருந்தது. சலாவுதீன் உதடு மட்டும் அசைய ஓதிக்கொண்டிருந்தான்.

பயப்படுவோம் என்று செண்பகவல்லி எதிர்பார்த்தாள். பயம் வரவில்லை. பிள்ளைகளின் மூச்சு கண்ணாடிகளில் படிந்து மங்கியது. சோற்றுப் பொட்டலத்தின் புளி வாசனை, குழந்தையின் பால் வாசனை, ஈரத் துணி வாசனை எல்லாம் சேர்ந்து உள்ளே ஒரு வெதுவெதுப்பு. தாராவியும் இல்லை, ஊரும் இல்லை, பம்பாயும் இல்லை. இருப்பது இவ்வளவுதான், இவ்வளவும் இங்கேதான் இருக்கிறது என்று தோன்றியது.

மடியில் ஏதோ இலேசானதுபோல் இருந்தது. குனிந்து பார்த்தாள். முந்தானை கசங்கி, சுருண்டு, தனியாகக் கிடந்தது. பேராச்சி நடு இருக்கையின் முதுகில் வயிற்றை வைத்துத் தவழ்ந்து, அந்தப் பக்கம் அண்ணன்களுக்கு நடுவே தலைகீழாக இறங்கிக்கொண்டிருந்தாள். பாவாடைக்குள்ளிருந்து இரண்டு கால்கள் மட்டும் இந்தப் பக்கம் உதைத்தன. பிறகு அவையும் போய்விட்டன. செண்பகவல்லி கையை நீட்டினாள், பிறகு மடக்கிக்கொண்டாள். மேலே தொங்கிய சின்னக் கண்ணாடியைப் பார்த்தாள். அவனும் பார்த்திருந்தான். அவன் கண்கள் நனைந்திருந்தன, அதை அவன் துடைக்கவுமில்லை.

"இதுவே இருக்கட்டும்," என்றாள் அவள்.

"கேட்டீரா பாய்?" என்றான் வானமாமலை. சலாவுதீன் தலையை மட்டும் ஆட்டினான். அவன் வேறெதையோ கேட்டுக்கொண்டிருந்தான். காற்று மாறியிருந்தது. பள்ளத்தாக்கின் அடியிலிருந்து அது கிளம்பி மேலே வரும் இரைச்சல் கேட்டது. வண்டி ஒருதரம் மெல்ல அசைந்தது. வெள்ளையில் ஒரு கிழிசல் விழுந்தது. அது அகன்றது. அகன்றுகொண்டே போயிற்று.

எதிரே மலை இருந்தது. இவ்வளவு நேரமும் கையெட்டும் தூரத்தில் இருந்ததுபோல அத்தனை பெரிதாக, உச்சி தெரியாமல், கறுப்பாக. அதன் விளிம்பு முழுவதும் அருவிகள். நூலாக, கயிறாக, துணியாக, பார்க்கப் பார்க்கப் புதிதாக. பூலோகம் கண்ணாடியைக் கையால் துடைத்தான். எல்லோரும் அவன் துடைத்த இடத்தின் பக்கம் சாய்ந்தார்கள். சண்முகவடிவு பேராச்சியைத் தூக்கிப் பிடித்தாள்.

"தண்ணி மேல போகுதுக்கா," என்றாள் பேராச்சி.

உண்மைதான். விளிம்பிலிருந்து குதித்த தண்ணீர் பாதிதூரம்கூட வரவில்லை. கீழிருந்து வந்த காற்று அதை அந்தரத்தில் ஏந்திக்கொண்டது. அங்கே அது ஒரு கணம் நின்றது, உடைந்தது, வெண்புகையாக வளைந்து, தான் புறப்பட்ட பாறைக்கும் மேலே ஏறி வானத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.