அளந்து வாங்கிய இன்ஜின்

முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்ததிலிருந்து எண்ணெய்க்கடைக்காரரின் மனைவி கடைப்பக்கமே வரவில்லை. வீடு மேட்டு உச்சியில், கடை அடிவாரத்தில். எப்படியாவது இறங்கிவிடலாம், ஏறுவதுதான் நடக்காத காரியம். அவள் இடத்தில் கல்லாவில் உட்கார்ந்த கணவரோ, வந்தவர்களிடமெல்லாம் வாய்க்கு வாய் பேசி, பாதிப் பேரை எதிர்க்கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். ஒரு கார் வந்துவிட்டால் போதும், கல்லா மறுபடி அவளுடையது. அந்த ஆசையில்தான் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கிவந்து, பழைய கார் விற்கும் கொட்டகையில் உட்கார்ந்திருந்தாள்.

"ஆயிரத்து இருநூறு சி.சி., அண்ணே. அதாவது ஒண்ணு புள்ளி ரெண்டு லிட்டர்," என்றார் கார் விற்பவர்.

கூடவே வந்திருந்த கணவர் நிமிர்ந்தார். "அளந்து காட்டுங்க."

"எதை அண்ணே?"

"லிட்டரை."

விற்பவர் பொறுமையாகத்தான் சொன்னார். சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய்வருகிற இடம்தான் அந்த அளவு. இதில் மூன்று சிலிண்டர். ஒன்றுக்கு நானூறு மில்லி.

"அப்ப சுலபம். மாப்பிள்ளை, கடையிலேருந்து அளவுக்குவளையும் ஒரு டின் கடலை எண்ணெயும் எடுத்துட்டு வா."

தம்பி அக்காவைப் பார்த்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

கொட்டகை மெக்கானிக் பிளக்கைக் கழற்றி, பிஸ்டனைக் கீழே இறக்கிக் கொடுக்க, கணவர் நுரை அடங்க அடங்க ஊற்றினார். நானூறு தாண்டியும் எண்ணெய் இறங்கியது.

"மேல நெருப்புப் பிடிக்கிற இடம் கொஞ்சம் இருக்குங்க. அதைக் கணக்குல சேர்க்கிறதில்ல," என்றார் மெக்கானிக்.

கணவரின் முகம் மலர்ந்துபோயிற்று. "கொசுறு!" என்று விற்பவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இந்தக் காலத்துல யாருங்க கொசுறு தர்றாங்க?"

அத்தோடு முடிந்திருக்கும். தம்பிதான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"மூணு சிலிண்டர்னா நடுங்கும் மாமா. அங்க நிக்குற வெள்ளைக் கார்ல நாலு. அதுவும் இதே ஆயிரத்து இருநூறுதான்."

"அப்ப அதையும் அளந்துடுவோம்."

"என்னங்க," என்றாள் மனைவி. "அதே எண்ணெயை மூணு கிண்ணத்துல ஊத்தினா என்ன, நாலு கிண்ணத்துல ஊத்தினா என்ன? நடுங்கினா நடுங்கட்டும், என் முழங்கால் நடுங்காததா? நம்ம மேட்டுல ஏறுமா, அதைக் கேளுங்க முதல்ல."

விற்பவர் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

எண்ணெயை வெளியேற்றி வண்டியைக் கிளப்பினார்கள். விற்பவர் ஓட்ட, அவள் பக்கத்தில். பின்னால் கணவர், தம்பி, மெக்கானிக். உள்ளே ஒட்டியிருந்த எண்ணெய் எரிந்து, தெருவெல்லாம் வடை சுடுகிற வாசனை. ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. பாதி மேட்டில் கார் முக்கி முனகி நின்றுவிட்டது.

"பார்த்தியா, நாலு சிலிண்டரே எடுத்திருக்கலாம்," என்றார் கணவர்.

"மெக்கானிக் தம்பி, இறங்குப்பா," என்றாள் அவள்.

கார் கொஞ்சம் ஏறி நின்றது. தன் தம்பியையும் இறக்கினாள். இன்னும் கொஞ்சம் ஏறி, மறுபடி நின்றது. அவள் திரும்பிக் கணவரைப் பார்த்தாள்.

"நானா?" என்றார் அவர்.

"நீங்கதான்."

கார் ஒரே மூச்சில் உச்சிக்குப் போய் வீட்டு வாசலில் நின்றது. அவள் இறங்கவில்லை.

"இதையே வாங்கிக்கிறோம் தம்பி," என்றாள் விற்பவரிடம். "எனக்கும் ஓட்டுறவருக்கும் போதும். இப்ப திருப்புங்க."

பாதி வழியில் கணவர், குவளையைக் கையில் பிடித்தபடி மூச்சு வாங்க ஏறிவந்துகொண்டிருந்தார். புகையோடு கார் எதிரே இறங்கிவருவதைக் கண்டு ஓரமாக ஒதுங்கினார்.

"எங்க போற?"

"கல்லாவுக்கு," என்றாள் அவள். "நீங்க மெதுவா வாங்க. அவசரமே இல்ல."