வாயடைத்த கருவி

ஈவாஞ்சலின் எழுதிய நிரல், இன்னும் வந்து சேராத ஒரு கருவியைப் போல நடித்தது. பெரியதாழை ஐஸ் ஆலையில் அம்மோனியா கசிந்தால் சைரனை அலறவைக்கும் மென்பொருளை மில்லர்புரத்தில் இருந்த அவர்களுடைய சிறிய நிறுவனம் செய்துகொண்டிருந்தது. காற்றை அளக்கும் கருவிகள் இன்னும் கப்பலில் இருந்தன. வந்தாலும், சோதிப்பதற்காக விஷவாயுவைத் திறந்துவிட முடியுமா? அதனால் அவளுடைய போலிக் கருவி ஐந்து விநாடிக்கு ஒருமுறை காற்றில் அம்மோனியா எவ்வளவு என்று நெட்வொர்க்கில் ஓர் எண்ணை அனுப்பும். அது இருபத்தைந்தைத் தாண்டினால் சைரன் ஒலிக்கிறதா என்று சோதனைகள் தாமாகவே ஓடிப் பார்க்கும். இருநூறு சோதனைகளும் தேறிவிட்டன.

"திங்கக்கெழம குடுத்துருவோம்," என்றார் குழுத் தலைவர் ஜெஃப்ரி.

வெள்ளிக்கிழமை காலை, கருவிகளை மாட்டும் இடம் பார்க்க அவள் ஆலைக்குப் போனாள். மேற்பார்வையாளர் பிளாரன்ஸ் சுற்றிக் காட்டிக்கொண்டே, "காத்தடிச்சா இங்கன நெட்டு நிக்காதும்மா, போயிட்டுப் போயிட்டு வரும்," என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் வழி முழுக்க அந்தப் பேச்சு ஈவாஞ்சலினை விடவில்லை. மதியம் அலுவலகம் வந்து உட்கார்ந்ததும் போலிக் கருவிக்குப் புதுக் குணம் ஒன்று கொடுத்தாள். எண் எட்டு, பன்னிரண்டு, பத்தொன்பது என்று ஏறும். பிறகு கருவி வாயே திறக்காது. ஓடவிட்டாள். பத்து நிமிடமாகியும் திரையில் பத்தொன்பது அப்படியே நின்றது, பக்கத்தில் 'ஆபத்தில்லை' என்ற சொல்லோடு. சைரன் மூச்சுவிடவில்லை.

ஜெஃப்ரியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"நீயே வாய மூட வச்சுட்டு நீயே குத்தம் சொல்லுதியே. நெசக் கருவி வரட்டும், பாத்துக்கலாம்."

"நெசமா கசியும்போதா பாக்கது, அண்ணே? சோதனை ரிப்போர்ட்டுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"ஆலக்காரங்களுக்கு யாரு பதில் சொல்லுதது?" அவர் குரல் உயர்ந்தது.

"நான் சொல்லுதேன்." அங்கேயே போனை எடுத்து, பிளாரன்ஸிடம் எதையும் ஒளிக்காமல் சொன்னாள்.

"உள்ள எட்டுப் பேரு நிக்காவ," என்றாள் பிளாரன்ஸ். "ஒரு வாரம் பொறுத்தே தாங்க."

பதினைந்து விநாடி சேதி வராவிட்டால் சைரன் என்று மாற்றினார்கள். காற்று நாளைப் போல நெட்டை அறுத்து அறுத்து விட்டுப் பார்த்தாள். ஒரு மணி நேரத்தில் பதினொரு முறை அலறியது.

"இப்படிக் கத்துனா ஆலையில வயரையே புடுங்கிப் போட்டுருவாவ," என்றார் ஜெஃப்ரி. ஆனால் இந்த முறை 'பாத்துக்கலாம்' என்று தள்ளிவிடவில்லை. ஒரு லைன் போனால் தானாக மாறிக்கொள்ள இன்னொரு சிம்மைச் சேர்த்தது அவர்தான். இரண்டும் போனால் மட்டுமே சைரன்.

கருவிகள் வந்து, ஆலையில் மாட்டியாயிற்று. ஆடி மாதம் ஒரு முற்பகலில் பிளாரன்ஸ் போனில் கூப்பிட்டாள். "காத்துல நம்ம ஏரியல் கம்பம் சாஞ்சு ரெண்டு லைனும் போச்சு. சைரன் அடிச்சுது, எல்லாரும் வெளிய வந்துட்டோம். கசிவு ஒண்ணும் இல்ல. வேல கெட்டுச்சேன்னு பயலுவ வையுதானுவ. வையட்டும்."

"எத்தன விநாடியில அடிச்சுதுக்கா?" என்று கேட்டபடியே ஈவாஞ்சலின் பேனாவைத் தேடினாள்.